கடனுக்கு மது: சட்டம் எங்கே குறுக்கே நிற்கிறது?

மளிகைக் கடையில் பற்று எழுதி அரிசி வாங்குவது ராமநாதபுரம் கடற்கரையில் யாருக்கும் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், ராமேஸ்வரம், மண்டபம், சோளியக்குடி போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பற்று நோட்டை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். அந்தக் கடனில் சட்டம் குறை காண்பதில்லை. கடைக்காரர் வழக்குப் போட்டால் நீதிமன்றம் கணக்கைக் கேட்கும்; நியாயமாக இருந்தால் வசூலித்தும் கொடுக்கும். வாங்கிய பொருள் அரிசியாக இல்லாமல் மதுவாக இருந்தால், பல நாடுகளில் சட்டம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சில இடங்களில் கடனுக்கு விற்றவரைத் தண்டிக்கிறது. வேறு சில இடங்களில், "நீ கொடுத்தாய், அவன் குடித்தான், அதை வசூலிக்க எங்களிடம் வராதே" என்று நீதிமன்றக் கதவைச் சாத்திவிடுகிறது.

இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு அதுதான் தேவை. அதைத்தான் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. குடித்த கணக்கு என்று சொல்லி ஒருவர் வாசலில் வந்து நின்றதும், மறுபேச்சு இல்லாமல் கம்மலைக் கழற்றிக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சட்டம் கடனாகவே மதிக்கிறதா என்று கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். எந்தக் கடனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை இரண்டு பேரும் சரிபார்க்க முடிய வேண்டும். அரிசிக் கணக்கில் தகராறு வந்தால், எத்தனை கிலோ வாங்கினோம் என்று வீட்டுக்காரம்மா விரல்விட்டுச் சொல்லிவிடுவார். மதுக் கணக்கில் நோட்டு விற்பவரிடம் இருக்கிறது. எழுதுபவரும் அவரே. மறுத்துப் பேச வேண்டிய ஆளோ போதையில் இருந்தவர். இரண்டு வாங்கினாரா மூன்று வாங்கினாரா, கூட இருந்தவர்களுக்கும் சேர்த்து இவர் பெயரில் எழுதப்பட்டதா என்பதை மறுநாள் காலையில் அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இதைக் கவனித்திருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவில் தரப்பட்டுள்ள ஓர் எடுத்துக்காட்டு, காய்ச்சலில் பிதற்றுகிறவரையும், ஒப்பந்தத்தின் பொருள் புரியாத அளவுக்குக் குடித்திருப்பவரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அந்த நிலை நீடிக்கும் வரை அவர்களால் ஒப்பந்தம் செய்ய முடியாது. இது எல்லாக் குடிகாரர்களையும் எல்லா நேரத்திலும் காப்பாற்றும் விதி அல்ல. முதல் குவளையை வாங்கும்போது தெளிவாகத்தானே இருந்தார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆனால் போதைக்கும் கணக்குக்கும் ஒத்துவராது என்பதைச் சட்டம் எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

இன்னொரு காரணம் பணத்தின் எல்லை. கையில் இருக்கும் ரூபாய் தீர்ந்தால் குடியும் அன்றைக்கு நிற்கும். நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றால் அந்த எல்லை கரைந்துவிடுகிறது. நாளைய கூலி, அடுத்த வாரப் பங்கு, தடைக்கால நிவாரணம் என்று இன்னும் கைக்கு வராத பணத்தையெல்லாம் இன்றே குடித்துவிட முடியும். விற்பவருக்கு இதில் இரட்டை லாபம். சரக்கும் போகிறது, வாங்குகிறவரின் வருங்காலச் சம்பாத்தியத்தின் மேல் ஒரு பிடியும் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பிடிதான் மிகக் கொடியது. நூறு ரூபாய் போனால் போகட்டும். அடுத்த மாதம் எந்தப் படகில் ஏறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை போனால் மனிதனுக்கு என்ன மிச்சம்?

இந்தச் சிக்கல் மிகப் பழையது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனில் எழுதப்பட்ட ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில், 111-ஆம் விதி இதைப் பற்றியது. மதுக்கடை நடத்தும் பெண் ஒரு பானை பீரைக் கடனாகக் கொடுத்தால், அறுவடைக் காலத்தில் 50 சிலா அளவு தானியம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது. சிலா என்பது அக்கால முகத்தல் அளவு. அவர்கள் கடனைத் தடுக்கவில்லை. திருப்பி வாங்குவது எவ்வளவு என்று வரையறுத்தார்கள்.

தடை என்ற வடிவம் தெளிவாகத் தெரிவது 1751-ஆம் ஆண்டு இங்கிலாந்தில். லண்டனில் ஜின் என்ற மலிவான சாராயம் பெருக்கெடுத்து ஓடிய காலம் அது. ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்த அந்த ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு கூரான விதி இருந்தது. சாராய வகைகளைக் கடனுக்கு விற்றவர், ஒரே தடவையில் 20 ஷில்லிங்குக்கு (ஷில்லிங் அன்றைய ஆங்கில நாணயம்) குறையாமல் விற்றிருந்தால் ஒழிய, அந்தப் பணத்துக்காக வழக்குப் போட முடியாது. குவளை குவளையாகக் கொடுத்துக் கணக்கில் ஏற்றி, கடைசியில் மொத்தமாகக் கேட்கிற வழி அத்தோடு அடைபட்டது. குடித்த கணக்குக்காகப் பொருளை அடகாக வாங்கினால் அதற்கும் தண்டனை உண்டு. தச்சரின் ரம்பமும் வீட்டுப் பாத்திரமும் சாராயத்துக்கு அடகு போய்க்கொண்டிருந்த ஊரில் அது அவசியமான விதி.

குடித்தவரை இந்தச் சட்டம் சிறைக்கு அனுப்பவில்லை. அவருக்கு உபதேசமும் செய்யவில்லை. விற்பவரின் கையில் இருந்த ஆயுதத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டது. திரும்ப வராது என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் கடன் கொடுக்கத் தயங்குவார். விற்பவர்களும் சும்மா இருக்கவில்லை. குடித்த கணக்கை வேறொரு கணக்கோடு கலந்து, ஒரு கடன் பத்திரமாக எழுதி வாங்கினார்கள். 1810-ல் அப்படி ஒரு பத்திரம் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதில் ஒரு பகுதி இந்தச் சட்டம் தடுத்த சாராயக் கணக்கு என்பதால் பத்திரம் முழுவதுமே செல்லாது என்று தீர்ப்பானது. பீர், சைடர் என்ற ஆப்பிள் மது போன்றவை முதலில் இந்த விதிக்குள் வரவில்லை. கடையிலேயே அமர்ந்து குடித்த பீருக்கான பாக்கியையும் வழக்குப் போட்டு வாங்க முடியாது என்று 1867-ல் இன்னொரு சட்டம் சொன்னது.

20 ஷில்லிங் என்ற அந்த எல்லையை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பீப்பாய்க் கணக்கில் வீட்டுக்கு வரவழைக்கும் கனவானின் கடன் செல்லும். குவளைக் கணக்கில் குடிக்கும் கூலித் தொழிலாளியின் கடன் செல்லாது. தொழிலாளியைக் காக்கும் விதி என்று இதைச் சொல்லலாம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவனாக அவனைப் பார்க்கும் விதி என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனாலும் விதியின் அடி விற்பவர் மேல்தான் விழுந்தது, வாங்கியவர் மேல் விழவில்லை என்பதால் நான் அதன் பக்கம்தான் நிற்பேன்.

கூலியும் குடியும் ஒரே மேசையில்

கடன் நோட்டைத் தடுத்தால் மட்டும் போதாது என்பதும் அங்கே சீக்கிரம் புரிந்தது. லண்டன் தேம்ஸ் ஆற்றில் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கும் தொழிலாளிகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்களே மதுக்கடைக்காரர்கள்தான். அதிகம் குடிப்பவருக்கு வேலை, குடிக்காதவருக்கு இல்லை. கூலி அந்தக் கடையிலேயே பட்டுவாடா ஆகும், குடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு. இங்கே வழக்குக்கே அவசியம் இல்லை. பணம் தொழிலாளியின் கைக்கு வரும் முன்பே கழிந்துவிடுகிறது. 1843-ல் நாடாளுமன்றம் தலையிட்டு, வேலை கொடுப்பதற்கென்று தனி அலுவலகம் ஒன்றை ஏற்படுத்திய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 1883-ல் மதுக்கடைகளில் கூலி கொடுப்பதையே தடுத்து ஒரு பொதுச் சட்டம் வந்தது. 1949-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாக்கிய ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் அதே எண்ணம் இருக்கிறது: மதுக்கடைகளில் ஊதியம் வழங்கக் கூடாது, கடும் மதுவை ஊதியமாகக் கொடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

கடல் தொழில் செய்கிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு வரலாறு இதற்கு நடுவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் வட கடலில் மீன்பிடிப் படகுகள் கூட்டம் கூட்டமாக வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்தன. பிடித்த மீனை வேறு கப்பல்கள் வந்து கரைக்கு ஏற்றிப் போகும். அந்தப் படகுகளைத் தேடி மதுக்கப்பல்கள் வரும். கோப்பர் என்று அவற்றுக்குப் பெயர். முதலில் மலிவான புகையிலையைக் காட்டி ஆட்களை வரவழைப்பார்கள். பிறகு சாராயம். நடுக்கடலில் ரொக்கம் யாரிடம் இருக்கும்? மீனைக் கொடுத்தார்கள். மீன் தீர்ந்ததும் வலையை, கயிற்றை, பாயை, படகு முதலாளிக்குச் சொந்தமான தளவாடங்களைக் கொடுத்தார்கள். போதையில் கடலில் விழுந்து இறந்தவர்களும் உண்டு.

இதற்கு வந்த முதல் பதில் சட்டத்திலிருந்து வரவில்லை. 1881-ல் தொடங்கப்பட்ட மீனவர் நலச் சங்கம் ஒன்று தானே கப்பல்களை அனுப்பி, கோப்பர்களைவிடக் குறைந்த விலைக்குப் புகையிலை விற்றது. புகையிலைக்காக மதுக்கப்பலில் ஏற வேண்டிய தேவை போனதும், அங்கே ஏறும் கால்களும் குறைந்தன. பிறகு 1887 நவம்பர் 16 அன்று ஹேக் நகரில் பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வட கடலில் மீன்பிடிப் படகில் இருப்பவர்களுக்குச் சாராயம் விற்கக் கூடாது. அவர்கள் வாங்கவும் கூடாது. மீன், வலை, தளவாடம் எதையும் சாராயத்துக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கக் கூடாது. பிரிட்டன் 1893-ல் இதைத் தன் சட்டமாக்கியது.

பண்டமாற்றைத் தனியாகக் குறிப்பிட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். கடனைத் தடுத்தால் அது வேறு உருவில் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்திலும் படகிலிருந்து இறங்குகிறவரின் கையில் வீட்டுக் கறிக்கென்று கிடைத்த மீன் இருக்கும். அது வீடு போய்ச் சேராமல் வழியிலேயே பாட்டிலாக மாறினால், அதற்கு நோட்டும் இல்லை, ரசீதும் இல்லை. அன்றைய குழம்பு மட்டும் போய்விடுகிறது.

மொத்த வியாபாரியின் கடன்

குடிப்பவருக்குக் கொடுக்கும் கடன் ஒரு பக்கம். மது தயாரிப்பவர் கடைக்காரருக்குக் கொடுக்கும் கடனையும் சில நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. தொடக்கத்தில் இது குழப்பமாகத் தோன்றும். நம் ஊர் ஆட்களுக்கு மீன் வியாபாரத்தைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். படகுக்காரருக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். அதனால் இறாலோ நண்டோ கணவாயோ, எது வந்தாலும் அவரிடமே கொடுக்க வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். கடனைத் திருப்பிக் கேட்பதைவிட, கடன் நிலுவையில் இருப்பதே வியாபாரிக்கு வசதி.

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்துக்கு முன்பு, பீர் ஆலைகளுக்கும் மதுக்கடைகளுக்கும் நடுவே இதே உறவு இருந்தது. கடை வைக்கப் பணம் ஆலையிடமிருந்து வரும். ஆகவே அந்த ஆலையின் சரக்கைத்தான் விற்க வேண்டும், அதிகமாகவும் விற்க வேண்டும். கடன் நெருக்கும்போது கடைக்காரர் வாடிக்கையாளரை நெருக்குவார். 1933-ல் மதுவிலக்கு நீங்கிய பிறகு, 1935-ல் வந்த கூட்டாட்சி மதுச் சட்டம் இந்தப் பிணைப்பைக் குறிவைத்தது. மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கு வழக்கத்துக்கு மீறி நீண்ட தவணை கொடுப்பது, கடையைத் தன் வசப்படுத்தும் முயற்சியாகக் கருதப்படும். அந்தச் சட்டத்தின் கீழான விதிகள் 30 நாளை எல்லையாக வைத்திருக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் பீரை மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்காரர் ரொக்கத்துக்கே வாங்க வேண்டும். குடிப்பவருக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கும் மாநிலங்களும் அங்கே உண்டு.

கடன் அட்டையில் மது வாங்கினால் அதுவும் கடன்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடுகிறது. பாக்கி இருப்பது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே. விற்பவரின் பிடியை உடைப்பதுதான் இந்தச் சட்டங்களின் நோக்கம் என்பதால், அட்டை பெரும்பாலும் அதில் சேர்வதில்லை. பிரிட்டனிலும் 1964-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், கடையில் குடிப்பதற்கான பணத்தை உடனே கொடுத்துவிட வேண்டும் என்றது. சாப்பாட்டோடு சேர்ந்த மதுவுக்கும் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கும் விலக்கு அளித்தது. 2003-ல் வந்த புதிய சட்டம் அந்தத் தடையையே கைவிட்டது. அங்கே கூலி வங்கிக்குப் போகும் காலம் வந்துவிட்டது. நோட்டின் பிடியும் தளர்ந்துவிட்டது. நம் கடற்கரையில் அது இன்னும் தளரவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை

இங்கே அடிப்படைச் சட்டம் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1971-ல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக உருவானது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடன் விஷயத்தில் இந்த மாற்றம் பெரியது. தனியார் கடைக்காரருக்கு வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் ஆசை இருக்கும், அதற்குக் கடன் நோட்டு உதவும். அரசுக் கடையில் விற்பவர் சம்பள ஊழியர். அன்றைய வசூலை அன்றைக்கே கணக்குக் காட்ட வேண்டியவர். உங்கள் பெயரில் பற்று எழுத அவருக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அப்படியானால் நம் ஊர்களில் கடனுக்குக் குடிக்கிறவர்கள் எங்கே குடிக்கிறார்கள்? சந்துக்கடையில், அதாவது உரிமம் இல்லாமல் திருட்டுத்தனமாக மது விற்கும் இடத்தில். அரசுக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் படகுகள் கரை திரும்புவது பெரும்பாலும் காலையில். இரவெல்லாம் மடி வலை இழுத்து, உப்புக் காற்றில் ஊறி, உடம்பு முறிந்து இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில் பாட்டில் நீட்டுவது சந்துக்கடை மட்டும்தான். விலை அதிகம். ரொக்கம் இல்லையா, பரவாயில்லை, பங்கு பிரித்த பிறகு கொடு என்பார்கள். அந்தப் பரிவுதான் வலை. தடைக்காலத்திலும், பருவமழை மாதங்களில் கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் அந்த நோட்டு வேகமாகத் தடிக்கிறது.

இங்கேதான் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வருகிறது. சட்டம் தடைசெய்த ஒன்றுக்காகச் செய்யப்படும் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். உரிமம் இல்லாமல் மது விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். குற்றமான விற்பனைக்கு எழுதிய பாக்கியை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. சந்துக்கடைக்காரர் அந்த நோட்டோடு நீதிமன்றம் போனால், தன் குற்றத்துக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் அவர் அங்கே போகாமல் உங்கள் வாசலுக்கு வருகிறார். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவேன் என்கிறார்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மது கொடுத்ததற்கான பாக்கி வேறு. ஒருவர் பணமாகக் கடன் கொடுக்க, வாங்கியவர் அதை அரசுக் கடையில் குடித்துத் தீர்த்தது வேறு. பின்னது செல்லும் கடன். எதற்குச் செலவு செய்தார் என்பதால் மட்டும் அது அழிந்துவிடாது. வட்டி மட்டும் கேள்விக்குரியதாக இருக்கலாம்: நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், கந்துவட்டி என்ற பெயர்களில் அளவுக்கு மீறி வசூலிப்பதைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் அதற்கு உண்டு.

அனுபவமுள்ள ஆட்கள் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். குடித்த பாக்கி ஓர் அளவுக்கு ஏறியதும் ஒரு புரோநோட்டை நீட்டி, ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் அதற்கு ஈடாக ஏதோ பெறப்பட்டது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை, இது சந்துக்கடைக் கணக்கு என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது. முத்திரைத்தாளின் மேல் தொகை எழுதாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் ஆபத்து. அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தை வைத்திருப்பவருக்கே கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். காசோலையும் அப்படித்தான். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால்தான் அது குற்றம். ஆனால் அப்படிப்பட்ட கடன் இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே போட்டிருந்தால், பாட்டில் கணக்கு எழுதிய நோட்டின் படம், போனில் வந்த செய்திகள், நேரில் பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் அவைதான் பேசும்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படகுத் தொழிலாளி முதலாளியிடம் வாங்கும் முன்பணம் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. பல படகு முதலாளிகளே கடனில்தான் தொழில் நடத்துகிறார்கள். ஆனால் கடன் தீரும் வரை வேறு படகில் ஏறக் கூடாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு இங்கேயே உழைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். கொத்தடிமைக் கடன் என்று உறுதியானால் அந்தக் கடனே ஒழிந்துபோகும். சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் வாங்கும் முன்பணத்துக்கும் இது பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்கள் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி, தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, பொறுப்பாளி அல்ல. அவர் இறந்துவிட்டாலும், செல்லத்தக்க கடனாகவே இருந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும். பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது.

தகப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய இந்து தர்ம விதியைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அந்த விதியிலேயே குடிக்கடனுக்கு விலக்கு இருந்தது. சூதில் தோற்ற பணத்தையும் மது குடித்த பாக்கியையும் மகன் கட்ட வேண்டியதில்லை என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயமே சொல்கிறது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அதன் பிறகு வாங்கிய கடன்களில், தந்தையின் கடனை அடைப்பது மகனின் தர்மக் கடமை என்ற காரணத்தை மட்டும் காட்டி வழக்குப் போடும் உரிமையும் நீக்கப்பட்டுவிட்டது. தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களுக்கும் அந்தப் பழைய விதி எப்போதுமே கிடையாது.

செல்லத்தக்க கடனுக்கு நீதிமன்றத் தீர்ப்பே வாங்கி வந்தாலும், ஜப்தி செய்யக் கூடாத பொருட்களை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பட்டியலிட்டிருக்கிறது. கடனாளி, அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் தேவையான உடுப்புகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவை அதில் அடங்கும். நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் சந்துக்கடைக்காரருக்கு எங்கிருந்து வந்தது? வலையையோ போனையோ ரேஷன் கார்டையோ அவர் பிடித்து வைத்திருந்தால், அடகு வாங்குவதற்கே 1943-ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

சட்டத்தால் ஆகாததும் உண்டு. கடன் நின்றால் குடி குறையும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடித்தவருக்கு அது திடீரென்று நின்றால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் குடி நின்று, மூன்றாம் நாள் ஒருவர் பிதற்றத் தொடங்கினால் அதைக் கோவில் வாசலிலோ தர்கா வாசலிலோ தீர்க்க முயன்று நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது.

பாக்கி கேட்டு மிரட்டல் வந்தால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டின் நகல், புரோநோட்டின் நகல், யார் எப்போது வந்து என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதிய தாள் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதிக் கொடுத்தாலும் போதும்.